நல்ல தாக்கலை, அதாவது நல்ல சேதியை, முதல்ல யார்கிட்ட சொல்லணும்? சொல்லாம இருக்கவா, சொல்லிச் சண்டை போடவா, விலகிடவா

பத்திரம் முடிச்சு ரிஜிஸ்டர் ஆஃபீஸ் வாசல்ல நிக்கேன், கையில ரசீது இருக்கு, அவுக ஆட்டோ பிடிக்கப் போயிருக்காக, பதினோரு வருஷம் வாடகை வீடு வாடகை வீடா மாறி கடைசில கே.டி.சி நகர்ல ஒரு பழைய வீடு எங்க பேருக்கு வந்துட்டு, யார்கிட்டயாவது சொல்லலைன்னா நெஞ்சு வெடிச்சிரும் போல இருந்துச்சு. ஃபோன்ல மேல இருந்த நம்பர் பேட்டைக்காரி நம்பர், அடிச்சிட்டேன். (ஊர் பேரை வச்சே சொல்லுதேன், பாளையங்கோட்டைல ஹாஸ்டல்ல இருந்த காலத்துலயே நாங்க அப்படித்தான் கூப்பிட்டுக்கிடுவோம், பேட்டைக்காரி, அம்பைக்காரி, களக்காட்டுக்காரின்னு.)

"அங்கயாட்டி வாங்குன? அங்க ஒரு நிழல் கிடையாதே, வெயிலுக்கு எப்படி இருப்ப? எவ்வளவு? அய்யோ, ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டிருந்தா மாமாட்ட சொல்லி இதைவிடக் கம்மியா முடிச்சுத் தந்திருப்பேனே. சரி விடு, வாங்கிட்ட, என்ன செய்ய."

வாங்கிட்ட, என்ன செய்ய. துட்டி வீட்டுல, சாவு வீட்டுல, போய் நின்னு சொல்லுத மாதிரி. அவுக ஆட்டோவோட வந்து ஜங்ஷன்ல இறங்கி அல்வா வாங்குவோம்ங்காக, எனக்கு ஆட்டோல உக்காந்து மனசுக்குள்ள கணக்கு ஓடுது, நாம ஏமாந்துட்டமோ, அவசரப்பட்டுட்டமோன்னு. பதினோரு வருஷம் காத்திருந்த நாள், அதுல பாதி அந்த ரெண்டு நிமிஷ ஃபோன்லயே போச்சு. இது நடந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. அதுக்குப் பொறவு இந்த மாதிரி ஆட்களை என்ன செய்யலாம்னு நானே ஒவ்வொண்ணா செஞ்சு பாத்திருக்கேன், எது ஆச்சு, எது ஆகலைங்கததை இங்கன எழுதுதேன், உங்களுக்கும் ஒரு பேட்டைக்காரி இருப்பா.

வழிகளைப் பாக்கதுக்கு முன்னாடி ஒண்ணைப் பிரிச்சுப் பாத்துக்கிடணும், இல்லைன்னா நல்லது சொல்லுதவளையும் நொட்டை சொல்லுதவ கணக்குல சேத்துருவோம். அம்பைக்காரியும் அந்த வீட்டைப் பத்தி எங்கிட்ட நிறைய கேட்டா. ஆனா எப்ப கேட்டான்னா அட்வான்ஸ் கொடுக்கதுக்கு முன்னாடி. "2023 டிசம்பர்ல வெள்ளம் வந்தப்ப அந்தத் தெருவுல எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு புரோக்கர்ட்ட கேக்காத, பக்கத்து வீட்டு ஆச்சிட்ட கேளு"ன்னா. "வில்லங்கம் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாரு, பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாரு"ன்னா. அந்த வெள்ளத்தைப் பாத்த யாருக்கும் அந்தக் கேள்வியோட அருமை தெரியும், தாமிரபரணி கரையேறி வந்து குறுக்குத்துறை முருகன் கோவிலையே முக்கிட்டுப் போன வெள்ளம் அது. நான் போய் அந்த ஆச்சிட்ட கேட்டேன், அவுக தன் வீட்டுச் சுவத்துல தண்ணி நின்ன அடையாளத்தைக் கையை வச்சே காட்டுனாக, முட்டுக்குக் கீழதான். அதுக்குப் பொறவுதான் மனசு துணிஞ்சு அட்வான்ஸ் கொடுத்தோம். பத்திரம் முடிஞ்ச அன்னைக்கு அம்பைக்காரி அந்த வெள்ளத்தைப் பத்தி ஒத்த வார்த்தை எடுக்கலை. "பூஜை ரூம் எந்தப் பக்கம் வருது, உனக்குன்னு ஒரு அலமாரி உண்டா, சாவி கைக்கு வந்துட்டா?"ன்னு மட்டும்தான் கேட்டா.

எனக்கு இப்ப இதுதான் அளவுகோல். மாத்துததுக்கு வழி இருக்கும்போது சொன்னா அது யோசனை, கசந்தாலும் கேட்டுக்கிடணும். எல்லாம் முடிஞ்சு கையெழுத்துப் போட்ட பொறவு சொன்னா, அதை வச்சுக்கிட்டு நான் ஒண்ணும் செய்யவும் முடியாது, என் சந்தோஷம் குறையுததுதான் மிச்சம்.

இன்னொண்ணு, சொல்லாம இருந்தா என்ன குறைஞ்சிரும்னு சிலர் கேக்காங்க. குறையுது. நல்லது நடந்தா அதை இன்னொருத்தர்ட்ட சொல்லிச் சொல்லி அதுல இருந்து கூடுதல் சந்தோஷம் எடுத்துக்கிடுத பழக்கத்தை லாங்ஸ்டன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1994லயே எழுதியிருக்கார். அதை வச்சு ஷெல்லி கேபிள்னு அமெரிக்க உளவியல் பேராசிரியை கூட மூணு பேரோட சேந்து 2004ல ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை போட்டாங்க. நல்ல விஷயம் நடந்த நாள்ல அதை யார்கிட்டயாவது பகிர்ந்துகிட்டவங்களுக்கு, அந்த விஷயம் கொடுத்த சந்தோஷத்துக்கு மேலயும் மனசு நல்லா இருந்திருக்கு. அதோட கேக்குதவங்க பதில் சொல்லுத விதத்தையும் நாலாப் பிரிக்காங்க. நம்ம பேச்சுல சொன்னா, கண்ணு விரிய "எப்படிட்டி, முழுசாச் சொல்லு"ன்னு உக்காந்து கேக்கது ஒண்ணு. "ம்ம், நல்லதுதான்"னு ஃபோனைப் பாத்துக்கிட்டே சொல்லுதது ரெண்டு. "அதுல இவ்வளவு தொந்தரவு இருக்கே"ன்னு ஓட்டையைத் தேடுதது மூணு. சொன்னதையே காதுல வாங்காம "அது கிடக்கட்டும், என் கதையைக் கேளு"ங்கது நாலு. இந்த நாலுல முதல் வகைதான் உறவை வளக்குது, மத்த மூணும் அந்தளவுக்கு உதவலைங்கதுதான் அவங்க கண்டது, ரெண்டாவது கூட. பல வீட்டு ஆம்பிளைங்க அந்த ரெண்டாவது வகை, எங்க வீட்டு அவுகளும்தான், மனசுல ஒண்ணும் கிடையாது, பழக்கம். இப்பல்லாம் நான் "ஒண்ணு சொல்லப் போறேன், ஃபோனைக் கீழ வைங்க"ன்னுட்டுத்தான் ஆரம்பிக்கேன், வச்சிருதாக. கேட்டா கிடைக்குது, அதனால அவுகளை இந்தக் கணக்குல சேக்க வேண்டாம். சிக்கல் மூணாவது வகைட்டதான்.

இப்ப வழிகள்.

முதல் வழி, சொல்லாமலே இருந்துடுதது. கேக்க ரொம்ப நிம்மதியா இருக்கும், நம்ம ஆச்சிமாரு வழி அது, மூணு மாசம் கழியுத வரைக்கும் பிள்ளை உண்டாயிருக்கததை வெளிய சொல்லாதட்டி, கண்ணு பட்டுரும்பாக. கண்ணு படுதோ படலையோ, அதுக்குள்ள ஒரு காரணம் இருக்கு, கரு கலையுததெல்லாம் பெரும்பாலும் அந்த முதல் மூணு மாசத்துலதான் நடக்கும், அப்படி ஏதும் ஆயிட்டா தெருவுல எதிர்ல வாரவங்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கிட்டு அழ வேண்டாம் பாருங்க. அந்த அளவுக்கு அது நல்ல ஏற்பாடு, இன்னும் உறுதியாகாத விஷயத்துக்கு நான் இப்பவும் இந்த வழியைத்தான் எடுக்கேன், இன்டர்வியூ போயிட்டு வந்ததை, பரீட்சை எழுதுனதை, லோனுக்கு மனு போட்டதை யார்ட்டயும் சொல்லுதது கிடையாது. ஆனா முடிஞ்ச விஷயத்துக்கு இது ஆகாது. நம்ம ஊர்ல எதை மறைக்க முடியும் சொல்லுங்க, டவுண் மார்க்கெட்ல ஒருத்திட்ட சொன்னா சாயங்காலம் தச்சநல்லூர்ல கேட்டுரும். மகளுக்கு ஒரு பெரிய ஸ்கூல்ல இடம் கிடைச்சதை நான் பேட்டைக்காரிட்ட மறைச்சேன், நாலாவது நாள் களக்காட்டுக்காரி மூலமா அவளுக்குத் தெரிஞ்சிட்டு. "நான் என்ன உனக்கு அந்நியமா?"ன்னு அவ கேட்டப்ப எங்கிட்ட பதில் இல்லை, ஏன்னா அந்த வருத்தம் நியாயம். நொட்டை சொன்னவளுக்கு வருத்தப்படுத உரிமையையும் நானே கொடுத்திட்டேன். அது மட்டுமில்ல, மறைக்கணும்னு நினைச்ச அந்த நாலு நாளும் ஸ்டேட்டஸ் போடும்போது, குரூப்ல பேசும்போது எல்லாம் அவ நினைப்புதான், அவளை நினைக்கக் கூடாதுன்னுதானே மறைச்சேன்.

ரெண்டாவது வழி, சின்னதாக்கிச் சொல்லுதது. இதைப் பத்தி நான் கொஞ்சம் நிறையப் பேசுவேன், ஏன்னா நம்ம பொம்பளைங்க முக்காவாசிப் பேர் யாரும் சொல்லித் தராமலே இதைத்தான் செய்யுதோம். "வீடுன்னு என்ன வீடு, ஏதோ ஒதுங்க ஒரு இடம், எல்லாம் கடன்தான்." "பாஸாயிட்டேன், இந்தத் தடவை பேப்பர் ஈஸியா வந்துட்டு." "சம்பளம் கூட்டியிருக்காங்க, வேலையும் கூடிட்டு பாத்துக்கோ." அவ அடிக்கதுக்கு முன்னாடி நானே என்னை அடிச்சுக்கிட்டா அவளுக்கு அடிக்க இடம் இருக்காதுங்க கணக்கு. பொறாமையும் வராது, பெருமை பேசுதாங்க பேரும் வராது, ரெண்டு மாங்காய். இது நல்லாத்தான் வேலை செய்யும், அந்தப் பேச்சு சண்டையில்லாம முடியும். ஆனா அந்த வார்த்தை நம்ம காதுலயும் விழுதுல்லா. நான் "ஏதோ ஒதுங்க ஒரு இடம்"னு பத்துப் பேர்ட்ட சொன்ன பொறவு அந்த வீட்டுக்குள்ள நுழையும்போது எனக்கே அது ஒதுங்குத இடமாத்தான் தெரிஞ்சுது, சுவத்து வெடிப்புதான் கண்ணுல படுது, பின்னால நிக்க முருங்கை படலை.

அதுக்கும் மேல ஒண்ணு நடந்துச்சு. மகள் நாலாங் கிளாஸ், ஓவியப் போட்டில ரெண்டாவது பரிசு வாங்கிட்டு வந்தா, பக்கத்து வீட்டு அக்கா கேட்டதுக்கு "அது ஒண்ணும் பெரிசு இல்ல அத்தை, கம்மிப் பேர்தான் வந்திருந்தாங்க"ன்னு சொல்லுதா. நான் அடுப்பாங்கரைல நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். அது என் குரல். நான் சொல்லுத அதே இழுவை. அன்னைக்கு ராத்திரி அவளைப் பக்கத்துல உக்கார வச்சு அந்தப் படத்தை எடுக்கச் சொல்லி, எதுக்கு ஆத்துக்கு இந்தக் கலர் போட்ட, பாலத்தை எப்படி வரைஞ்ச, பேரைக் கூப்பிட்டப்ப எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொண்ணா கேட்டேன், அவ முகம் மாறுனதை இன்னும் மறக்கலை. அதுல இருந்து இந்த ரெண்டாவது வழியை நான் விட்டுட்டேன், எல்லா வழிலயும் மோசமானது இதுதாங்கது என் முடிவு, ஏன்னா மத்ததுல அடுத்தவங்கதான் நம்ம சந்தோஷத்துல தண்ணி ஊத்துதாங்க, இதுல நாமளே ஊத்திக்கிடுதோம், பிள்ளைங்களும் பாத்துப் படிச்சிருது.

எல்லாருக்கும் ஒரே நேரத்துல குரூப்ல போட்டுருததும் ஒரு வழிதான், தனியா யார் மூஞ்சியையும் பாக்க வேண்டாம். எழுபது பேர் கை கூப்பி, கேக் படம் போடுவாங்க, ஒருத்தர் கூட ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. தாக்கல் சொல்லி முடிக்கதுக்கு அது போதும், வேற எதுக்கும் ஆகாது.

நேருக்கு நேர் கேட்டுருததுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்த வழி. நான் பேட்டைக்காரிட்ட கேட்டேன், ஸ்கூல் விஷயம் தெரிஞ்சு அவ கோவிச்சுக்கிட்டதுக்கு அடுத்த வாரம், ரெண்டு பேரும் வண்ணாரப்பேட்டைல ஒரு கடைல பாத்திரம் வாங்கப் போனப்ப. இதுல என்ன வார்த்தை எடுக்கோம்ங்கதுதான் எல்லாம். "நீ எப்பவுமே இப்படித்தான், உனக்குப் பொறாமை"ன்னு சொன்னா அங்கன முடிஞ்சுது, யாரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க. நான் அந்த ஒரு நாளை மட்டும் எடுத்தேன். "ஏட்டி, பத்திரம் முடிச்ச அன்னைக்கு முத ஃபோன் உனக்குத்தான் போட்டேன். நீ வெயிலைப் பத்திச் சொன்ன, விலையைப் பத்திச் சொன்ன. எனக்கு அன்னைக்கு அது தாங்கலை. நீ நல்லா இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை, கையில இருந்த சட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பொறவு சொன்னா, அவுக மாமனார் வீட்டுச் சொத்து அண்ணன் தம்பி தகராறுல ஏழு வருஷமா கோர்ட்ல கிடக்காம், இவ நகையை வச்சு வக்கீலுக்குக் கொடுத்திருக்கா, இன்னும் வாடகை வீடுதான், எனக்கு இது ஒண்ணும் தெரியாது. நான் வீடுன்னு சொன்னதும் அவளுக்கு என்ன பண்ணியிருக்கும்.

ஆப்ரகாம் டெஸ்ஸர்னு ஒரு உளவியல் ஆளு 1988ல இதைத்தான் விளக்கியிருக்கார். முகந்தெரியாத ஒருத்தன் நம்மளைவிட நல்லா வந்தா நமக்கு வலிக்காது, நெருங்குனவங்க, அதுவும் நாம உசிரா நினைக்க விஷயத்துல நம்மளைத் தாண்டிப் போனாத்தான் வலிக்கும். அதே நெருங்குனவங்க நமக்குச் சம்பந்தமில்லாத விஷயத்துல ஜெயிச்சா, நம்ம ஆளுன்னு நாமளே பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிவோம். யோசிச்சுப் பாருங்க, ரெண்டு பேர் ஒரே கோச்சிங் சென்டர்ல குரூப் ஃபோருக்குப் படிக்காங்க, ஒருத்திக்கு வேலை வந்துட்டு, இன்னொருத்தி ரெண்டு மார்க்ல போயிட்டா, அவகிட்ட போய் சந்தோஷப்படுன்னு எப்படிக் கேக்க. அதே பிள்ளை இவ கல்யாணத்துக்கு ராத்திரி பூராம் முழிச்சு பூக் கட்டிக் கொடுப்பா. பேட்டைக்காரியும் அப்படித்தான், எனக்கு ஆபரேஷன் நடந்தப்ப பன்னெண்டு நாள் தூக்குச்சட்டில சாப்பாடு கொண்டாந்தவ. வீட்டு விஷயம் மட்டும் அவளுக்கு முடியலை. கேட்டதுனால இது எனக்குத் தெரிஞ்சுது, அது பெரிய லாபம். ஆனா அதுக்குப் பொறவு மூணு மாசம் ரெண்டு பேருக்கும் பேச்சு முந்தி மாதிரி இல்லை, அளந்து அளந்து பேசுனோம், அதையும் சொல்லணும். இந்த வழி எல்லார்ட்டயும் எடுக்கதுக்கு இல்ல, தூக்குச்சட்டி கொண்டாந்தவகிட்ட மட்டும் எடுக்கலாம். ஆஃபீஸ்ல பக்கத்து டேபிள் ஆளுட்ட இவ்வளவு மனசைத் தொறந்து காட்டணும்னு கிடையாது.

விலகிடுததும் உண்டு. அதை நான் ஒருத்திட்ட செஞ்சிருக்கேன், பேட்டைக்காரி இல்லை, வேற ஒருத்தி. நல்லது சொன்னா ஓட்டை தேடுவா, கெட்டது சொன்னா "நான் அப்பவே சொன்னேன்லா"ன்னு முகம் மலந்துரும், நான் தனியா சொன்னது அடுத்த வாரம் வேற வாய்ல இருந்து எனக்கே திரும்பி வரும். இந்த மூணும் சேந்து ஒருத்தர்ட்ட இருந்தா யோசிக்க வேண்டாம், சண்டை போட்டுச் சொல்லிட்டுப் போகணும்னும் இல்லை, ஃபோன் எடுக்கதை பைய பைய குறைச்சாப் போதும். ஆனா சந்தோஷத்துல தண்ணி ஊத்துதாங்க ஒத்தக் காரணத்துக்காக இருவது வருஷப் பழக்கத்தை வெட்டுததை நான் ஏத்துக்கிட மாட்டேன். இப்ப யாரைக் கேட்டாலும் நெகட்டிவ் ஆளு, கட் பண்ணிருங்காங்க. கட் பண்ணிக் கட் பண்ணி கடைசில துட்டிக்கு யார் வருவா?

இப்ப நான் பிடிச்சு நடக்க வழி, வரிசையை மாத்துதது. எல்லார்ட்டயும் சொல்லுதேன், முழுசாச் சொல்லுதேன், சின்னதாக்க மாட்டேன், ஆனா முதல்ல யாருக்கு, ரெண்டாவது யாருக்குங்கதை நான் முடிவு பண்ணுதேன். ஏன் இது எனக்கு ஒத்து வந்துச்சுன்னா, நல்ல தாக்கல் கைக்கு வந்த புதுசுல நமக்கே அது நிசமாங்க சந்தேகம் இருக்கு, அந்த நேரத்துல யார் என்ன சொன்னாலும் அது அப்படியே ஒட்டிக்கிடுது. பதிஞ்ச அன்னைக்கு "வெயிலுக்கு எப்படி இருப்ப"ன்னது என்னை அப்படிச் சாய்ச்சுது. அதே வார்த்தையை பால் காய்ச்சு முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு அவுக சித்தி வந்து சொன்னாக, எனக்கு ஒண்ணுமே ஆகலை, "ஆமா சித்தி, வேப்பங்கன்னு வச்சிருக்கோம், பின்பக்கம் வந்து பாருங்க"ன்னுட்டு காப்பி போடப் போயிட்டேன். வார்த்தை அதேதான், அதுக்குள்ள நான் அந்த வீட்டுல முப்பது நாள் தூங்கி எந்திச்சிருக்கேன்.

அதனால முத ஆள் கேள்வி கேக்க ஆளா இருக்கணும். எனக்கு அம்பைக்காரி. உங்களுக்கு அது அம்மாவா இருக்கலாம், மைனியா இருக்கலாம், முன்னாடி வேலை பாத்த இடத்துல இருந்த அண்ணாச்சியா இருக்கலாம், ரொம்ப நெருக்கமாத்தான் இருக்கணும்னு இல்லை. யாருன்னு கண்டுபிடிக்க ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிப் பாருங்க, இன்னைக்கு வச்ச சொதி நல்லா வந்துச்சுன்னு சொல்லுங்க, தேங்காப்பால் எத்தனை எடுத்தன்னு கேக்கவ அந்த ஆளு. பொறவு ஒண்ணு ரெண்டு நாள் விட்டு, சாப்பிட்டுத் தூங்கி மனசு ஆறுன பொறவு, நொட்டை சொல்லுதவங்களுக்கு நாமளே ஃபோன் போட்டுச் சொல்லிரணும், வேற வாய் மூலமாப் போக விடக் கூடாது. அவங்களுக்கு வலிக்க விஷயம்னு தெரிஞ்சா நேர்ல வேண்டாம், மெசேஜ்ல சொல்லுங்க, முகத்தைச் சரி பண்ணிக்கிட அவங்களுக்கும் அஞ்சு நிமிஷம் கிடைக்கும். விலை, சம்பளம், மார்க்கு மாதிரி எண்ணைக் கொண்டு போய்க் கொடுக்காதீங்க, அதைப் பிடிச்சுத்தான் பேச்சு ஓடும். கேட்டா "அதை அவுகதான் பாக்காக"ன்னு விட்டுரலாம்.

இதுல குறை இல்லாம இல்லை. "எனக்கு முன்னாடி யாருக்குட்டி சொன்ன?"ன்னு என்னைக்காவது கேப்பா, அன்னைக்குப் பொய் சொல்ல முடியாது. அப்புறம் முத ஆளுன்னு ஒருத்தரை வச்சுக்கிட்டா அவங்களுக்கு நாமளும் முத ஆளா இருக்கணும், அம்பைக்காரி மகனுக்கு கப்பல்ல வேலை கிடைச்ச அன்னைக்கு எனக்குத் தலைவலி மண்டையைப் பிளக்குது, எந்திச்சு உக்காந்து எந்தக் கப்பல், எத்தனை மாசம், அவன் உங்கிட்ட எப்படிச் சொன்னான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்.

போன ஆனித் திருவிழா சமயத்துல நான் வேலை பாக்க இடத்துல என்னைத் தலைமைப் பொறுப்புக்கு எடுத்தாங்க. அம்பைக்காரிக்குச் சொன்னேன், முக்கா மணி நேரம் பேசுனா, மகள்ட்ட சொன்னேன், அவ "அப்ப உனக்குத் தனி ரூம் உண்டாம்மா?"ன்னா. தேரோட்டம் முடிஞ்ச மறுநாள் பேட்டைக்காரிக்கு மெசேஜ் போட்டேன், முழுசா, சின்னதாக்காம. ரெண்டு நீலக் கோடு விழுந்துட்டு, பதில் இல்லை. ராத்திரி ஒம்போது மணிக்கு ஃபோன் அடிச்சா. "வேலை கூடுமேட்டி"ன்னு ஆரம்பிச்சா, நிறுத்திட்டா, கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேக்குது, பொறவு "சரி, எப்படி எடுத்தாங்க, சொல்லு"ன்னா.